பூபாலன் பாதியில் எழுந்த பந்தி

என் அக்கா மகன் பூபாலனுக்கு முப்பத்தோரு வயது. மண்ணூர்பேட்டையில் என் லேத் பட்டறையில்தான் வேலை. பிறக்கும்போதே அவனுக்கு உணவுக்குழாய் இரண்டு துண்டாக இருந்தது. மேல்துண்டு முட்டுச்சந்து மாதிரி நடுவில் நின்றுவிட்டது. கீழ்த்துண்டு மூச்சுக்குழாயில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. பால் கொடுத்ததும் பிள்ளை நீலமாகிப் போனான். எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நெஞ்சைத் திறந்து இரண்டையும் சேர்த்துத் தைத்தார்கள். பிழைத்தான். அதோடு விட்டது என்று நினைத்தோம்.

எங்கே விட்டது? தைத்த இடம் அவ்வப்போது சுருங்கும். ஆஸ்பத்திரியில் குழாய் விட்டு விரித்து அனுப்புவார்கள். இருமினால் நாய் குரைப்பது போலிருக்கும். மட்டமாகப் படுத்தால் தின்றது தொண்டைக்கு ஏறும் என்று கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குச் செங்கல் வைத்திருக்கிறான். பரோட்டா, கறித்துண்டு எல்லாம் ஆகாது. சோற்றைக் குழைத்து, மென்று, வாய்க்கு வாய் தண்ணீர் குடித்துத்தான் இறக்க வேண்டும். நாங்கள் தின்று, கை கழுவி, ஒரு பீடியும் பிடித்து முடித்திருப்போம். அவன் டப்பாவில் பாதி அப்படியே இருக்கும்.

"இன்னா அண்ணாத்தே, இட்லிக்கு பாலிஷ் போட்டுகினு கீறியா?" என்பான் கூட வேலை செய்யும் வினோத். இவனும் சிரிப்பான். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் சாயங்காலம் ஆவதற்குள் முகம் தொங்கிவிடும். தூக்கம் பார்க்காத முகம்.

பெண் தேடத் தொடங்கியபோது, இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று அக்கா பூங்காவனம் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். ஏற்கெனவே இரண்டு இடம் இதனால்தான் தட்டிப்போனது. மூன்றாவதாக அமைந்தது அண்ணனூர் ஏகாம்பரத்தின் மகள் ஷர்மிளா. பார்த்ததுமே இரண்டு பேருக்கும் பிடித்துப்போயிற்று. வீட்டுக்கு வந்தும் பூபாலன் அந்தப் பெண் பேச்சாகவே இருந்தான். அவன் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

எங்கள் பக்கம், முடிவாகும் வரை பெண் வீட்டில் காபியைத் தாண்ட மாட்டோம். கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். இரண்டு பக்கமும் சம்மதம்தான் என்பதால் இரண்டாம் முறை போனபோது ஏகாம்பரம் இலையே போட்டுவிட்டார். ஆட்டுக்கறிக் குழம்பு, வறுவல். எல்லோரும் சாப்பிட்டு முடித்துவிட்டு, மாப்பிள்ளை எழட்டும் என்று காய்ந்த கையோடு உட்கார்ந்திருந்தார்கள். அதைப் பார்த்து இவன் அவசரப்பட்டான். மெல்லாமல் விழுங்கிய கறி நெஞ்சில் நின்றுவிட்டது. கண்ணெல்லாம் சிவந்து, ஒன்றும் சொல்லாமல் எழுந்து பின்பக்கக் குழாயடிக்குப் போனான். வெகுநேரம் கழித்துத் திரும்பியவன் இலையில் உட்காரவில்லை. ஏதோ போன் வந்தது என்று அக்கா சமாளித்தாள். யாரும் நம்பவில்லை.

மறுநாள் தரகர் பட்டறைக்கு வந்தார். பாதி இலையில் எழுந்ததிலேயே மாப்பிள்ளைக்கு இஷ்டமில்லை என்று தெரிந்துவிட்டதாம். பெண் வீட்டார் வற்புறுத்த மாட்டார்களாம்.

சேதி கேட்டுப் பட்டறைக்கே ஓடிவந்த அக்கா, வயிற்றுப்போக்கு என்று சொல்லிவிடலாம் என்றாள். பூபாலன் லேத்தை நிறுத்திவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தான்.

"இன்னிக்கு பேதின்னு சொல்லிடலாம் மாமா. கல்யாணத்துக்கு அப்பால தினம் தினம் இன்னான்னு சொல்றது? சாப்புட்றதே எனக்கு ஒரு வேல. அத்த ஒளிச்சு சாப்புட்றது ரெண்டாவது வேல. முடியல மாமா."

நானும் அலுத்துப்போயிருந்தேன். அன்று சாயங்காலமே அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு அண்ணனூர் போனேன். அக்கா என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

அவனே எல்லாவற்றையும் சொன்னான். சட்டையைத் தூக்கி வலது அக்குளுக்குக் கீழே முதுகுவரை போகும் தழும்பையும் காட்டினான். ஏகாம்பரம் என்னைத்தான் திட்டினார். பெண் கொடுக்கும் இடத்தில் இதையா மறைப்பது என்று கேட்டார். கேட்டுக்கொண்டு நின்றேன். பிள்ளைகளுக்கும் வருமா என்றார் அவனிடம்.

"பெரும்பாலும் வராதுன்னு டாக்டர் சொல்றாரு. வரவே வராதுன்னு நான் சொல்ல மாட்டேன்."

ஷர்மிளா உள்ளேயிருந்து வந்து கதவோரம் நின்றாள்.

"இப்பவும் ஆஸ்பத்திரிக்குப் போறீங்களா?"

"வர்ற புதன்கிழமை போணும். கேமரா வுட்டுப் பாப்பாங்க."

"நானும் வரேன். டாக்டர் கிட்ட நானே கேட்டுக்கறேன். அப்புறம் என் முடிவைச் சொல்றேன்."

கல்யாணம் நிச்சயமாகாமல் ஒருத்தனோடு ஆஸ்பத்திரிக்குப் போனால் தெருவே சிரிக்கும் என்று ஏகாம்பரம் சீறினார்.

"நீயும் வா நைனா" என்றாள் அவள்.

பூபாலன் தரையைப் பார்த்தபடி சொன்னான்: "காலையில ஆறுக்கே போயி சீட்டு வாங்கணும். வெறும் வயித்தோட வரணும். நான் மட்டும்தான். நீங்க சாப்ட்டே வாங்க."

 ஏகாம்பரம், எந்த டிரெயினைப் பிடிக்க வேண்டும் என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.