கண்டாக்கையாவுக்கு வார்த்த சிவப்புக் கண்ணாடி

மூக்கனுக்குப் பேரன் பிறந்து பதினாறு நாள் ஆகியிருந்தது. பேரனைப் பற்றிப் பேசாத நேரமெல்லாம், தேயிலைத் தோட்டத்தில் வேலை வாங்கும் கண்டாக்கு கணேசமூர்த்தியை என்ன செய்யலாம் என்றுதான் அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். மகள் நாகலெட்சுமிக்குக் கொழுந்து பறிக்கும் மலையிலேயே வலி கண்டுவிட்டது. மூக்கன் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்த் தோட்டத்து லொறியைக் கேட்டார்.

"லொறி உரம் ஏத்தப் போகுது" என்றார் கண்டாக்கு.

நாலு பேர் மகளைக் கம்பளியில் தூக்கிக்கொண்டு தலவாக்கலை ஆஸ்பத்திரிக்கு நடந்தார்கள். பாதி வழியில், பாலத்துக்கு இந்தப் பக்கம், கொட்டுகிற மழையில் பையன் பிறந்துவிட்டான். தாயும் பிள்ளையும் பிழைத்தது மாரியாத்தா புண்ணியம். மத்தியானம் மூக்கன் திரும்பி ஓடிவந்து, விட்ட செடிகளையும் சேர்த்து வெட்டி முடித்தார். ஒரு நாள் வேலைக்குக் கூலிக் கணக்கில் ஒரு பேரு. பிந்தினால், இடையில் போனால், அரைப் பேரு. அன்று சாயங்காலம் அவருக்கு விழுந்தது அரைப் பேரு.

"ஐயா, என் கணக்குச் செடி முழுசும் வெட்டிட்டேங்க. முழுப் பேரு போடுங்க."

"பிரஜாவுரிமையே இல்லாத பயலுக்கு முழுப் பேரு கேக்குதோ? லயத்துல படுத்துப் பெத்துக்க வேண்டியதுதானே. ரோட்டுல பெத்தா அதுக்குத் தோட்டமா பொறுப்பு?"

ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் எழுபது பேர் நின்றார்கள். எழுபது பேரும் கேட்டார்கள். மூக்கனுக்குக் கூலி போனது பெரிதில்லை. அதே எழுபது பேருக்கு முன்னால், அதே களத்தில், "நான் செஞ்சது தப்பு" என்று கண்டாக்கு வாயிலிருந்து வர வேண்டும். அதை வாங்காமல் விடுவதில்லை என்று பேரன் தலையில் கையை வைக்கப் போனார்.

"பச்சப்புள்ள தலையிலயா சத்தியம் பண்ணுவ, மனுசா!" என்று பெண்சாதி வீரம்மா கையைத் தட்டிவிட்டாள்.

பதினேழாம் நாள் கண்டாக்கே, தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான லயத்துக்கு இறங்கி வந்தார்.

அவருடைய மோட்டார் சைக்கிள் இரண்டாம் உலகச் சண்டைக்கு முந்தினது. சீமைக்குத் திரும்பிப் போன துரையிடம் வாங்கியது. பின்விளக்குக் கண்ணாடி உடைந்துவிட்டது. சிவப்புக் கண்ணாடி இல்லாமல் ரோட்டில் ஏறினால் வழக்கு என்று பொலிஸ்காரர் சொல்லிவிட்டார். வெளிநாட்டுச் சாமான் வருவதை அரசாங்கம் நிறுத்தியிருந்த காலம் அது. கொழும்பிலும் கிடைக்கவில்லை. திம்புள்ளப் பக்கத்தில் அந்த மாதிரிப் பழைய வண்டிக்குச் சாமான் வார்க்கத் தெரிந்த ஒரே ஆள் மூக்கன்.

சின்ன வயதில் துரை பங்களாவில் வண்டி துடைத்தவர் அவர். தலவாக்கலைக் கடைக்காரர் மக்பூல் நானா, படகு கட்டும் பட்டறையிலிருந்து ரெசின் என்ற பிசின் டின் வாங்கி வந்து தருவார். நோட்டன் பிரிட்ஜில் வேலை செய்யும் மருமகன், கீழ்ப்பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ரப்பர் பால் கொண்டுவருவார். உடைந்த சாமானை ஒட்டிச் சோப்புத் தடவி, அதன்மேல் ரப்பர் பாலைப் பூசிக் காயவிட்டு, மறுபடி பூசி, எட்டுத் தடவை ஆனதும் காலுறை மாதிரி உரித்தெடுத்தால் அச்சு. இறுக வைக்கும் மருந்தும் சிவப்புச் சாயமும் கலந்த ரெசினை அதில் ஊற்றி அடுப்போரம் வைப்பார். மலைக்குளிரில் அது தானாக இறுகாது. மூடுபனி உள்ளே நுழைந்தால் வெளுத்துப் போகும்.

"எப்ப தருவ மூக்கா?" என்று உடைந்த துண்டுகளைக் கொடுத்துவிட்டுக் கேட்டார் கண்டாக்கு.

"மெதுவா பேசுங்கையா. பேரன் தூங்குறான். நாளைக்கு வாங்க."

மறுநாள் மூடுபனி. அதற்கு மறுநாள், ராவெல்லாம் பேரன் அழுதானாம், கை ஓடவில்லையாம். நாலாம் நாள் வெயில் அடித்தது.

"இன்னைக்கு என்னடா சாக்கு?"

"நல்ல வெளிச்சம் ஐயா, புள்ளையப் பாக்குறதுக்கு. மூக்கப் பாருங்க. அப்படியே என் மூக்கு. ரோட்டுல பொறந்தவன்னு சொல்ல முடியுமா?"

பீலியில் தண்ணீர் பிடித்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கண்டாக்கு குடையைத் தட்டிக்கொண்டு மேட்டில் ஏறினார்.

ஆறாம் நாள், லயத்து ஆட்கள் எல்லோரும் வேலை முடிந்து வந்த பிறகு, மூக்கன் ஒரு துணிப் பொட்டலத்தை நீட்டினார். கண்டாக்கு பிரித்தார். மாதுளை முத்து மாதிரி சிவப்பு. ஒரு குமிழி இல்லை. ஆனால் வட்டத்தில் சரிபாதிதான் இருந்தது. அறுத்த ஓரத்தைக்கூட மூக்கன் வழவழவென்று தேய்த்திருந்தார்.

"என்னடா இது?"

"அரைப் பேருங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கண்டாக்குக்கு முகம் கறுத்துவிட்டது. "மத்தப் பாதி எங்க?"

"நாளைக்குப் பெரட்டுல, அன்னைக்கு செஞ்சது தப்புன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. முழுசா வார்த்து நானே மாட்டிவிடுறேன்."

நாகலெட்சுமி பிள்ளையோடு வாசலுக்கு வந்துவிட்டாள். "வேணாம்ப்பா. குடுத்துருங்க. நாளைக்கும் இவருகிட்டதான் நிக்கணும்."

"நீ உள்ள போ தாயி. புள்ளைக்குக் குளிரும்."

கண்டாக்கு பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "சரி, தப்புதான். போதுமா? அச்சைக் குடு."

"எனக்குக் கேட்டுச்சு. எழுபது பேருக்குக் கேக்கலைங்களே."

"உங்கிட்டப் போயி பெரட்டுல மன்னிப்புக் கேக்கணுமா? கவ்வாத்துல நீ இனி நிக்கிறதைப் பாக்குறேன்!"

மூக்கன் உள்ளே போய் அச்சை எடுத்துவந்து, கண்டாக்கு பார்க்கப் பார்க்க வாசலில் எரிந்த வெந்நீர் அடுப்பில் போட்டார். உடைந்த பழைய கண்ணாடித் துண்டுகளும் அதோடு போயின. ரப்பர் கறுப்பாகப் புகைந்தது. கண்டாக்கு இருமிக்கொண்டே பின்னால் நகர்ந்தார். இனி அந்த வண்டிக்கு முழு அளவும் இல்லை, அச்சும் இல்லை; கையிலிருந்த பாதியை வைத்து வார்க்க வேறு ஆளும் இல்லை.

மறுநாளே மூக்கனை உரம் சுமக்கப் போட்டார்கள். ஒரு மாதத்தில் தோள் புண்ணாகிவிட்டது. வீரம்மா தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே திட்டினாள்.

"கண்டாக்கையா வண்டிய வித்துட்டாரு. தெனமும் ரெண்டு மைல் ஏறி எறங்குறாரு. இன்னுமா ஒனக்கு ஆறல?"

மூக்கன் பேரனை மடியில் போட்டு, அவன் கால் கட்டைவிரலை ஆட்டிக்கொண்டிருந்தார். பையன் பொக்கை வாயால் சிரித்தான்.

"தப்புன்னு களத்துல சொல்லலையே. சொல்ற வரைக்கும் நடக்கட்டும்" என்றார். "நீ எண்ணெயத் தடவு."