எனக்காகச் செய்த ரோபோ

அந்த ரோபோ உடுப்பைச் செய்துகொண்டிருந்த காலம் முழுவதும் எல்லோரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "யாருக்கு? கொழந்தைக்கா?" எங்களுக்குக் குழந்தை இல்லை என்று தெரிந்தவர்களும் கேட்டார்கள். "எனக்குத்தான்" என்பேன். முகம் மாறிவிடும். அதற்குமேல் யாருக்கும் விளக்கம் சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

அப்போது நான் திருப்பதியில் ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் விற்கும் கடை ஒன்றில் வேலை செய்தேன். குடியிருந்தது திருச்சானூரில், ஒரு லாட்ஜுக்குப் பின்புறச் சந்தில். கணவர் குவைத்தில் ஒரு வீட்டுக்குக் கார் ஓட்டினார். மாமியார் கார்வேட்டிநகரத்தில் இருந்தார். நினைத்தபோது பஸ் ஏறி வந்துவிடுவார். நான் ஐந்தடிக்கும் குறைவு. கடையில் மெஷினைப் பற்றி எல்லாம் சொல்லி முடித்த பிறகு, வந்தவர் என் தலைக்கு மேலே பார்த்து, "ஆம்பள யாராச்சும் இருந்தா கூப்புடும்மா" என்பார். நான் சொன்னதையே வேறொருவன் சொல்ல, அவர் தலையாட்டி வாங்கிக்கொண்டு போவார்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் போனில் ஒரு வீடியோ வந்தது. ஏதோ வெளிநாட்டில் ஒருவர் அட்டையாலும் ஃபோமாலும் செய்த ரோபோவுக்குள் புகுந்து, கழுத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு கூட்டத்துக்கு நடுவில் நடந்து போனார். கூட்டம் விலகி வழிவிட்டது. எங்கள் கடையின் பின்கட்டில் ஃபிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டிகள் கூரை வரை அடுக்கிக் கிடந்தன. எனக்கு எல்லோரையும்விட உயரமாக நிற்க வேண்டும்போல இருந்தது. காரணம் அவ்வளவுதான்.

பெட்டிகளை ஷேர் ஆட்டோவில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். செருப்பு தைப்பவர்கள் சோலுக்கு வெட்டும் ஃபோம் ஷீட்டும், அவர்கள் பூசும் மஞ்சள் பசையும் கடைத்தெருவில் கிடைத்தன. மார்பும் முதுகும் அட்டை. தோளும் கையும் வளைய வேண்டும் என்பதால் ஃபோம். ஃபோமின்மேல் பழைய துணியைப் போட்டு இஸ்திரிப் பெட்டியை ஒற்றினால் இளகும்; அந்தச் சூட்டிலேயே என் தொடைமேல் வைத்து அழுத்தி வளைத்துக்கொள்வேன். பசையை இரண்டு பக்கமும் பூசி, காயவிட்டு, பிறகுதான் ஒட்ட வேண்டும். கோணலாக ஒட்டிவிட்டால் பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். முதலில் காலை ஒரே குழாயாகச் செய்துவிட்டேன். போட்டுக்கொண்டு எழுந்தால் முட்டி மடங்கவில்லை. அப்படியே கட்டில்மேல் மல்லாந்து விழுந்து, தனியாகக் கிடந்து சிரித்தேன்.

காலும் உடம்பும் முடிந்திருந்த சமயத்தில் மாமியார் வந்தார். அன்று மாலை நான் வேலையிலிருந்து திரும்பியபோது வீடு கழுவி விட்டிருந்தது. ரோபோ இல்லை.

"பழைய பேப்பர்காரன் வந்தான். அந்தக் குப்பையெல்லாம் தூக்கிப் போட்டுட்டேன்" என்றார். "கல்யாணம் கட்டினு வந்தவ அட்டப் பெட்டிய மாட்டிக்கினு ஆடுவாளா? ஒரு கொழந்த இருந்தா அதுக்குப் போட்டு அழகு பாக்கலாம். இது இன்னாம்மே இது?"

எனக்கு அழுகை வந்தது. அவர் முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"நீங்க போட்டது சின்னது அத்த. இனிமே செய்யறது இன்னும் பெருசா இருக்கும். அதையும் போட்டா அதவிடப் பெருசா செய்வேன்."

அவர் உடனே மகனுக்குப் போன் போட்டார். பேசிவிட்டு என்னிடம் கொடுத்தார்.

"ஊர்ல சிரிப்பாங்கடி" என்றார் கணவர்.

"சிரிக்கட்டும் மாமா. நீ அங்க இருக்கற, உனக்குக் கேக்காது."

அவர் போனை வைத்துவிட்டார். பிறகு நெடுநாள் அம்மாவிடம் மட்டும்தான் பேசினார். நான் மறுநாளே புதுப் பெட்டிகள் கொண்டுவந்தேன். இந்த முறை முட்டியில் காலை இரண்டாகப் பிரித்து, அகல எலாஸ்டிக் வைத்து இணைத்தேன். காலுக்கடியில் ஃபோமை அடுக்கி உயரம் ஏற்றினேன். தலையோடு சேர்த்து ஏழடி வந்தது.

பெங்களூரில் இப்படி வேஷம் போட்டு வருகிறவர்களுக்காக ஒரு விழாவும் அதில் ஒரு போட்டியும் நடந்தன. கடையில் லீவு சொல்லிவிட்டு, ரோபோவின் தலையையும் கால்களையும் மூட்டை கட்டிக்கொண்டு திருப்பதி பஸ் நிலையத்துக்குப் போனேன். உடம்புப் பகுதியை மட்டும் கையில் பிடித்திருந்தேன். கண்டக்டர் படியிலேயே மறித்தார். மேலே போட்டுக் கட்டு, இல்லையென்றால் இறங்கு என்று தெலுங்கில் சத்தம் போட்டார். மேலே கட்டினால் வழியில் பலமனேர் மேட்டுக் காற்றில் நொறுங்கிவிடும். நான் கீழே இறங்கி, எல்லோரும் பார்க்க அதைத் தலைவழியாக மாட்டிக்கொண்டு மறுபடி ஏறினேன்.

"லக்கேஜ் காதன்னா இதி. நா டிரெஸ்ஸு" என்றேன். லக்கேஜ் இல்லையண்ணா, என் உடை.

பஸ் முழுக்கச் சிரித்தது. அவரும் சிரிப்பை அடக்க முடியாமல் டிக்கெட் கிழித்தார். சித்தூரில் கூட்டம் ஏறியது. ஒரு பெண் என் மார்பில் தட்டிப் பார்த்து, "உள்ள மூச்சு உட முடியுதாம்மா?" என்றாள். முடிகிறது என்றேன். உட்கார முடியாததால் பெங்களூர் வரை நின்றுகொண்டே போனேன்.

விழாவில் பெயர் பதியும் இடத்தில் இருந்த பெண்ணுக்குத் தமிழ் தெரிந்திருந்தது.

"எந்தப் படத்துல வர்ற ரோபோ அக்கா?"

"எந்தப் படத்துலயும் இல்ல. நானா யோசிச்சது."

"போட்டிக்கு அது ஆகாதே. படத்துலயோ கதையிலயோ வந்ததாத்தான் இருக்கணும். ஏதாச்சும் ஒரு பேரு சொல்லுங்க, எழுதிக்கறேன். யாரும் கேக்க மாட்டாங்க."

ஒரு பெயர் சொல்லியிருந்தால் மேடை ஏறியிருப்பேன். அவ்வளவு தூரம் நின்றே வந்தவளுக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் வேறு யாரோ யோசித்ததை நான் காப்பியடித்ததாக என் வாயாலேயே சொல்ல மனம் வரவில்லை.

"போட்டி வேணாம்மா. சும்மா நடக்கறேன்" என்றேன்.

நடந்தேன். உள்ளே வியர்வை கண்ணில் வழிந்தது. என் முகம் ரோபோவின் மார்பளவுக்குத்தான் வந்தது; அங்கே வைத்திருந்த கறுப்பு வலை வழியாக ஆட்களின் முகம் பாதிதான் தெரிந்தது. கூட்டம் விலகியது. விலை உயர்ந்த கவசம் போட்ட ஒருவர் குனிந்து என் முட்டியைத் தொட்டுப் பார்த்து, எப்படி மடங்குகிறது என்று கேட்டார். எலாஸ்டிக்கைக் காட்டிச் சொன்னேன். அவர் வேறு யாரையும் கூப்பிடச் சொல்லவில்லை. நான் சொன்னதைக் கடைசி வரை கேட்டார்.

ஊர் திரும்பிய பிறகு கணவர் பேசினார். விழாவில் யாரோ எடுத்த என் படம் எப்படியோ குவைத்தில் அவர் ரூமுக்குப் போயிருந்தது. "பசங்க கேட்டாங்க, எம் பொண்டாட்டி செஞ்சதுன்னு சொன்னேன்" என்றார். "சரி" என்றேன். மாமியார் இன்றுவரை ரோபோவைப் பிசாசு என்றுதான் சொல்கிறார். ஆனால் கை வைப்பதில்லை.

உகாதி ஆஃபர் சமயத்தில் முதலாளி என்னைக் கூப்பிட்டு, ரோபோவைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று நோட்டீஸ் கொடுக்கச் சொன்னார்.

"அது வியாபாரத்துக்குச் செஞ்சது இல்ல சார்."

"பின்ன எதுக்கு?"

"நான் போட்டுக்கறதுக்கு."

நான் கவுண்ட்டருக்குப் போனேன். அங்கே ஒரு தம்பதி வாஷிங் மெஷினைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானே அதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன்.