முட்டிக்கு எடுத்த ஸ்கூட்டர்

என் வலது முட்டி தேய்ந்துபோனது உங்களுக்குத் தெரியும். அஸ்தம்பட்டி டாக்டர் நடையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்.

அதனால் இன்று தீம் பார்க் வாசலில் பேட்டரி ஸ்கூட்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். உட்கார்ந்தபடியே குடும்பத்தோடு ஒரு நாள் சுற்றலாம் என்று ஆசை.

கூட வந்தவர்கள் நாமக்கல் அண்ணன், அண்ணி, அவர்கள் பேரன். அண்ணனுக்கு எண்பதுகளிலிருந்து லாரித் தொழில். ஸ்கூட்டரைச் சுற்றி வந்தார், டயரை உதைத்துப் பார்த்தார்.

"ஏனுங்க, எத்தனை கிலோ தாங்கும்?"

"ஒரு ஆள் போலாமுங்க" என்றார் வாடகைக்கு விடுபவர்.

"எங்க அம்மிணி ஒல்லிங்க. பாதி காலியா ஓடுனா கட்டுபடியாகாதே" என்றார் அண்ணன், என்னைக் காட்டி.

முதலில் என் மடிக்குப் புளிசாதத் தூக்கு வந்தது. அடுத்து காலடிக்குத் தண்ணீர் கேன். தண்ணீர் விளையாட்டு முடிந்து ஈரத்துணி மூட்டையும் ஏறியபோது, ஸ்கூட்டர் ஒரு சின்ன மேட்டில் முனகி நின்றது.

"ஓவர்லோடு. கொஞ்சம் எறங்கிக்க சாமி, மேடு ஏறுனதும் உக்காந்துக்கலாம்."

இறங்கினேன். அண்ணன் பக்கத்தில் நடந்தபடி ஓட்டினார். மேடு ஏறியதும் பார்த்தால், என் இடத்தில் அண்ணியின் கைப்பையும் பேரனின் மிதவையும் உட்கார்ந்திருந்தன.

"அண்ணா, இது எனக்கு எடுத்த வண்டி."

"எறக்கி ஏத்த நேரமாகும் அம்மிணி. வாசல் இந்தா வந்துரும்."

வாசல் சாயங்காலம்தான் வந்தது.

"இதுல உக்காந்து போன அம்மா எங்கீங்க?" என்றார் வாடகைக்கு விட்டவர்.

"பின்னால வாராங்க. நல்லாத்தான் நடக்கறாங்க" என்றார் அண்ணன், பெருமையாக.

முட்டியில் ஐஸ் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். லாரி வீட்டில் பிறந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்: அடுத்த முறை சாக்கில் புகுந்துகொண்டால், என்னைக் கடைசி வரை இறக்காமல் கொண்டு சேர்ப்பாரா?