மகளைத் தொட முடியாத நாட்கள்

முதலில் கழுத்தில்தான் கொப்புளங்கள் வந்தன. எனக்குச் சிறுவயதிலிருந்தே எக்ஸிமா (தோல் வறண்டு, சிவந்து, அரிக்கும் நோய்) உண்டு. இலங்கை மலையகத்தின் ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்துக் குளிரில் சொறிந்து சொறிந்தே வளர்ந்தவள். அதனால் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மகள் பிறந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

மறுநாள் காய்ச்சல் கொதித்தது. கொப்புளங்கள் மார்புவரை இறங்கியிருந்தன. குழந்தையை நாத்தனாரிடம் விட்டுவிட்டு, கணவர் செல்வம் நாங்கள் குடியிருந்த கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஆட்டோவில் என்னைக் கண்டி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண்.

"பிள்ளைக்குப் பால் குடுத்தனீங்களோ?"

"காலையில கூட குடுத்தேன் டொக்டர்."

அவர் முகம் மாறியது. ஹெர்பிஸ் வைரஸ் (உதட்டோரக் கொப்புளம் உண்டாக்கும் கிருமி) என் தோலெங்கும் பரவியிருக்கிறது, பச்சைக் குழந்தைக்கு அது உயிராபத்து என்றார். மகளையும் உடனே கொண்டுவரச் சொன்னார்.

"எனக்கு மட்டும் ஏன் இப்படிப் பரவுது?"

நல்ல தோல், நுண்ணுயிர் எதிர்ப்புப் பெப்டைட்டுகளை (கிருமியின் மேலுறையைத் துளைத்துக் கொல்லும் சிறு புரதத் துண்டுகள்) தானே சுரந்துகொள்ளுமாம். இரத்தத்தின் எதிர்ப்பு அணுக்கள் வந்து சேருமுன் கிருமியை மறிப்பவை அவை. எக்ஸிமாத் தோலில் அவை போதிய அளவு சுரப்பதில்லை.

"அது உங்கட பிழையில்லை, தங்கச்சி. இன்னும் கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம், அவ்வளவுதான்."

மகளைப் பரிசோதனைக்காகக் குழந்தைகள் வாட்டில் சேர்த்தார்கள். நான் வேறொரு வாட்டில், சேலைன் ஊசியோடு. மருந்து நாளத்தில் இறங்க, பால் மார்பில் கட்டியது. பீய்ச்சித் தொட்டியில் ஊற்றும்போதெல்லாம் சுவரைப் பார்த்துக்கொள்வேன். செல்வம் மகளை வீடியோ எடுத்து என் போனுக்கு அனுப்புவார். திரையில் அவள் கொட்டாவி விடுவாள். விரலால் தடவினால் படம் நகர்ந்துவிடும்.

ஒரு மாலை அவர் படிகளில் ஓடி வந்தார்.

"பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லையாம்! டெஸ்ட் எல்லாம் நல்லா வந்திருச்சு."

பக்கத்துக் கட்டில் சிங்கள அக்கா தன் கட்டிலில் இருந்தபடியே என்னோடு சேர்ந்து அழுதாள்.

பொருக்குகள் உதிர்ந்து புதுத்தோல் தெரிந்த பிறகுதான் மகளைக் கையில் தந்தார்கள். மார்பருகே கொண்டுபோனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போத்தலுக்குப் பழகிவிட்டாள். எத்தனையோ முறை முயன்றேன். அவள் குடிக்கவேயில்லை.

எக்ஸிமா உள்ளவர்களே, திடீரென்று கொப்புளமும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் ஒருநாள்கூடப் பொறுக்காதீர்கள்.

மகள் இப்போது ஓடித் திரிகிறாள். அவளைத் தூக்குமுன் என் கைகளை ஒருமுறை புரட்டிப் பார்த்துக்கொள்கிறேன். பால் எப்போதோ வற்றிவிட்டது. ஆனாலும் பஸ்ஸில் ஏதாவதொரு பச்சைக் குழந்தை வீரிட்டால், என் மார்பு கனத்துவிடுகிறது.