மீன் தெரியாத தெரு

அன்றைக்கு அம்மன் கோயில் மண்டபத்தில் இருந்தவர்கள், என்னையும் சேர்த்து இருபத்து மூன்று ஆண்கள். தெருவுக்கு மூத்தவரான பெரியதனக்காரர் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே புகார் கொண்டுவந்த என் சித்தப்பா. மண்டபத்துக்கு வெளியே வெயிலில் ரங்கூன் அக்கா தனியாக நின்றிருந்தாள். வராதவர்கள் என்று பார்த்தால், முதலில் அந்த அக்காவின் புருஷன். பர்மாவிலிருந்து வந்தவர்களுக்குக் கடன் கொடுக்கிற ஆபீசில் கையெழுத்துப் போட அவர் மதுரைக்குப் போயிருந்தார். அப்புறம் எங்கள் தெருப் பெண்கள். தெருக் கூட்டத்துக்குப் பெண்கள் வரக்கூடாது என்பது வழக்கம், அதனால் அவர்கள் வரவில்லை. கோயில் மதிலை ஒட்டியிருந்த குழாயடியில், தண்ணீர் வராத நேரத்தில், குடத்தோடு வரிசையில் நின்றிருந்தார்கள்.

எல்லாருக்கும் நடுவில், வாழை இலையால் வாயை மூடிச் சணல் கட்டிய ஒரு சின்ன மண்பானை இருந்தது. அந்தப் பானையில் இருப்பது மீன் என்று முடிவானால், அக்காவும் அவள் புருஷனும் இரண்டு பெண் குழந்தைகளும் பொழுது சாய்வதற்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அந்த வீட்டை அவர்களுக்குப் பிடித்துக் கொடுத்தவன் நான்.

எங்களுடையது திண்டுக்கல்லுக்குத் தெற்கே ஒரு நெசவுத் தெரு. வெளியே தமிழ் பேசுவோம், வீட்டுக்குள் வேறு பேச்சு. எங்கள் முன்னோர் எந்த ராஜா காலத்திலோ வடக்கேயிருந்து தறியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் என்பார்கள். எந்த ராஜா என்று கேட்டால் ஆளுக்கொரு ராஜாவைச் சொல்வார்கள். வந்த இடத்தில் அம்மனுக்குக் கோயில் கட்டி ஒரு கட்டுப்பாடும் வைத்துக்கொண்டார்கள். தெருவில் மீனும் கறியும் ஆக்கக்கூடாது. தெருக்காரன் எந்த ஊரிலும் அதைத் தின்னக்கூடாது. தின்றவன் தலைமுழுகி, கோயிலுக்குப் பின்னால் தெண்டத்துக்கென்றே வைத்திருந்த உண்டியலில் எட்டணா போட வேண்டும். என் அப்பா காலத்திலிருந்து ஒருத்தர்கூடத் தெண்டம் கட்டியதில்லை என்பதில் எங்களுக்குப் பெருமை அதிகம்.

இந்தப் பெருமை சனிக்கிழமைகளில் மட்டும் கொஞ்சம் ஓய்வெடுக்கும். அன்றுதான் நெய்த சேலைகளைத் திண்டுக்கல்லில் கொண்டுபோய்ப் போடுகிற நாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஓட்டல், அதன் பின்கட்டில் ஐந்து மேஜை. மத்தியானம் ஒரு மணிக்கு உள்ளே போனால் எங்கள் தெருவில் பாதி சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும். யாரும் யாரையும் பார்த்ததில்லை. என் சித்தப்பாவுக்குக் கடைசி மேஜை, நெத்திலி வறுவல் இரண்டாம் தட்டு. இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போய் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன் நான். நெசவாளர் சொசைட்டியில் கணக்கெழுதும் வேலை. சனிக்கிழமைதோறும் ரிஜிஸ்டர்களை எடுத்துக்கொண்டு நானும் திண்டுக்கல் போகவேண்டியிருந்தது. நானும் சுவரைத்தான் பார்த்தேன்.

சீனாச் சண்டை முடிந்து இரண்டு வருஷம் இருக்கும், பர்மாவிலிருந்து ஆட்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள். அப்படி வந்தவர்தான் அக்காவின் புருஷன். அவருடைய அப்பா பிறந்தது எங்களுக்குப் பக்கத்து ஊர். அக்காவின் அப்பா நம் பக்கத்து ஆள், அம்மா பர்மாக்காரி. அம்மாவின் முகம் அப்படியே அக்காவுக்கு வந்திருந்தது. அது போதாதா? முதல் நாளே சித்தப்பா கண்டுபிடித்துவிட்டார், இவள் சீனாக்காரி என்று. இதை நான் தயங்கித் தயங்கி அக்காவிடம் சொன்னபோது அவள் சிரித்தாள்.

"அங்க சீனாக்காரன் கடையில நூடுல்ஸ் வாங்கித் தின்னுருக்கேன் தம்பி. எனக்கும் அவுகளுக்கும் அம்புட்டுத்தான் ஒறவு."

வீடு அவளுக்குக் கிடைத்ததே அவள் முகத்தில் பூசியிருந்த மஞ்சள் வெள்ளைப் பூச்சால்தான். பர்மாவில் ஏதோ மரப்பட்டையைக் கல்லில் உரைத்து வெயிலுக்குப் பூசிக்கொள்வார்களாம். வீட்டுக்கார அத்தை அதைச் சந்தனம் என்று நினைத்துவிட்டாள். காலையிலேயே குளித்து முகம் நிறையச் சந்தனம் பூசுகிறவள் எவ்வளவு பக்தியுள்ளவளாக இருக்க வேண்டும்? வாடகைப் பேச்சு ஒரே நிமிஷத்தில் முடிந்தது. மீன், கறி ஆக்கமாட்டோம் என்று நானே காகிதத்தில் எழுதி, அவர்களிடம் கையெழுத்து வாங்கி, சாட்சியாக என் கையெழுத்தையும் போட்டேன். என் கையெழுத்து எனக்கு அப்போது ரொம்பப் பிடிக்கும்.

பத்து நாள் கழித்து அக்கா என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். நூடுல்ஸ் கிடைக்காததால் சேவை பிழிந்து, முட்டைக்கோஸ், புளித்தண்ணீர், பூண்டெண்ணெய், வறுத்த வெங்காயம் எல்லாம் போட்டுக் கையால் பிசைந்து கொடுத்தாள். ஓரத்தில் சிவப்பாக ஒரு துவையல். அதை நாக்கில் வைத்ததும் எனக்குச் சனிக்கிழமை ஞாபகம் வந்துவிட்டது. என்ன இது என்று கேட்டேன். அக்கா மறைக்கவில்லை. உள்ளேயிருந்து அந்தப் பானையைத் தூக்கி வந்து காட்டினாள். ஙப்பி என்று பெயராம். மீனை உப்புப் போட்டு ஊறவைத்துக் காயவைத்து இடித்தது. ங என்று தொடங்கும் ஒரு பொருளை வாழ்க்கையில் முதன்முதலாகப் பார்த்த சந்தோஷத்தில், நான் போட்ட சாட்சிக் கையெழுத்து சற்று நேரம் ஞாபகத்துக்கே வரவில்லை. வந்ததும் விக்கல் எடுத்தது.

"ஆக்கலையே தம்பி, சும்மா மொளகாயோட இடிக்கிறதுதான்" என்றாள் அக்கா. பிறகு அவளே தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள், ரங்கூன் துறைமுகத்தில் அவளுடைய வளையல், தோடு, தாலிச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வாங்கிக்கொண்டார்களாம். இந்தப் பானையை மட்டும் திறந்து பார்த்துவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்களாம். பிறந்த மண்ணிலிருந்து அவளோடு வந்த சொத்து அது ஒன்றுதான். தீர்ந்தால் தீர்ந்தது. துவையலை வழித்துச் சாப்பிட்டேன்.

வாடை தெருவுக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்தது. ஆனால் தெரு அதைத் தன் வாடை என்றே நினைத்தது. பாவு நூலுக்குப் போடும் கஞ்சி ஒரு நாள் கூடுதலாக நின்றால் புளித்து நாறும். எங்களுக்கு உலகத்தில் தெரிந்த கெட்ட வாடை அது ஒன்றுதான். ஆகவே எதிர்வீட்டுக்காரர் பக்கத்து வீட்டுக் கஞ்சியைச் சொன்னார், பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் வீட்டுக் கஞ்சியைச் சொன்னார். என் அம்மா கஞ்சிப் பானையைச் சாம்பல் போட்டு மூன்று முறை தேய்த்தாள். நல்ல கஞ்சி நாலு பானை சாக்கடையில் போனது. இரண்டு வீட்டுக்காரர்கள் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டார்கள். நான் எல்லாம் தெரிந்தவனாக ரிஜிஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெண்கள் மட்டும் புகார் சொல்லவில்லை. வீட்டுக்கார அத்தை மத்தியானத்தில் மூடிய கிண்ணத்தோடு அக்கா வீட்டுப் பக்கம் போய்வருவாள். ரங்கூன் மிளகாய்ப் பொடி நன்றாக இருக்கிறது என்று அம்மாவும் ஒருநாள் சொன்னாள்.

கெடுத்தவர் சித்தப்பாதான். இன்னும் இரண்டு தறி போட அந்த வீட்டின் மேல் அவருக்கு ஒரு கண் இருந்தது. வாடை கஞ்சியுடையது இல்லை என்று அவருடைய மூக்கு சொல்லிவிட்டது. அக்கா குழாயடிக்குப் போன நேரம் பார்த்து உள்ளே நுழைந்து, பானையோடு வெளியே வந்தார். அன்று அமாவாசை, தறி ஓடாத நாள். ஒரு மணி நேரத்தில் கூட்டம் கூடிவிட்டது.

சித்தப்பா நன்றாகவே பேசினார். சீனாக்காரி சந்தனம் பூசி ஏமாற்றிவிட்டாள், அம்மன் தெருவில் மீன் பானை, காகிதத்தில் சாட்சி போட்டவனையும் விசாரிக்க வேண்டும் என்றார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எழுந்தேன்.

"ஏலே படிச்சவனே, ஒக்காரு. ஒன்னைய இன்னும் கேக்கல" என்றார் பெரியதனக்காரர்.

வெளியிலிருந்து அக்கா வாயைத் திறந்தாள். "ஐயா, அது வந்து..."

"நீயும் செத்த நேரம் சும்மா இரு தாயி. புகார் சொன்னவந்தான் மொதல்ல ருசுப்படுத்தணும்." அவர் சித்தப்பா பக்கம் திரும்பினார். "சொல்லு அப்பு. இது மீனுன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

"நாத்தமே சொல்லுதேண்ணே."

"நாத்தம் சொல்லுது, சரி. அது சொல்றது ஒனக்கு எப்படிப் புரிஞ்சுச்சு?"

மண்டபத்தில் யாரோ இருமினார்கள். சித்தப்பா வியர்வையைத் துடைத்துக்கொண்டு, கேள்விப்பட்டிருப்பதாகச் சொன்னார். நாற்றத்தை எந்தக் காதால் கேட்டாய் என்றார் பெரியதனக்காரர். சித்தப்பா கூட்டத்தைப் பார்த்தார். வேண்டுமானால் யாரையாவது மோந்து பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள் என்றார். பெரியதனக்காரரும் அப்படியே ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். வந்தவர்கள் குனிந்தார்கள், மோந்தார்கள், யோசித்தார்கள். எதிர்வீட்டுக்காரர் ஊறுகாய் என்றார். அடுத்தவர் நாட்டு மருந்து என்றார். இன்னொருவர், சனிக்கிழமை இரண்டாம் மேஜைக்காரர், தனக்குப் பத்து நாளாகச் சளி என்றார். மூன்று பேர் ஒரே குரலில் புளித்த கஞ்சி என்றார்கள். மீன் என்று ஒருவரும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி வருமே.

பெரியதனக்காரரும் ஒருமுறை மோந்தார். தேவைக்கு அதிகமாகவே மோந்தார் என்று எனக்குப் பட்டது. பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"நம்ம பாட்டன்மாரு இந்த ஊருக்கு வந்தப்போ, நம்ம கஞ்சி நாத்தம் தாங்கலைன்னு ஊர்க்காரவுக ஆறு மாசம் கெணத்துல தண்ணி எடுக்க விடலையாம். அந்தப் பேச்சு கெடக்கட்டும். ருசு இல்ல, அதனால அந்தப் புள்ள வீட்ட விட்டுப் போக வேண்டியதில்ல. ஆனா அம்மன் முன்னால பானை வந்துருச்சு. நான் யாரையும் ஒன்னும் கேக்க மாட்டேன். ஒவ்வொருத்தரா ஒரு சுத்துச் சுத்தி வாங்க. மனசுல உறுத்துறவன் பின்னால இருக்க உண்டியல்ல எட்டணா போடட்டும்."

அவரே முதலில் போனார். கோயிலின் பின்பக்கம் மண்டபத்திலிருந்து தெரியாது. ஆனால் உண்டியல் பித்தளை. டங்கென்று கேட்டது. வந்து உட்கார்ந்து சிறுமலைப் பழம் ஒன்றை உரிக்க ஆரம்பித்தார்.

பிறகு ஒவ்வொருவராக. டங். டங். சில்லறை இல்லாதவர்கள் பக்கத்து ஆளிடம் கைமாற்றுக் கேட்டார்கள். சித்தப்பா என்னிடம் கையை நீட்டினார், முகத்தைப் பார்க்காமல். கொடுத்தேன். என் முறையும் வந்தது, போட்டேன். பூசாரி மட்டும் சத்தமில்லாமல் சுற்றி வந்தார். அவர் நிஜமாகவே வாழ்நாளில் மீனைத் தொடாதவர். ஆனால் மண்டபமே அவரை முறைத்தது, எவ்வளவு பெரிய அழுத்தக்காரன் பார் என்று. மனிதர் இரண்டு நிமிஷம் தாங்கினார். எழுந்து மறுபடியும் ஒரு சுற்றுப் போனார். டங்.

அக்கா பானையை எடுத்து முந்தானையில் மூடிக்கொண்டாள். கஞ்சி காய்ச்சுகிற நாளாகப் பார்த்து அதைத் திறக்கும்படி பெரியதனக்காரர் அவளிடம் மெதுவாகச் சொன்னார். கூட்டம் கலைந்தது. ஆண்கள் போனபின், குழாயடியில் நின்ற பெண்களில் சிலர், வந்தது வந்தோம், சாமி கும்பிட்டுப் போவோம் என்று குடத்தை வைத்துவிட்டுக் கோயிலுக்குள் நுழைந்தார்கள். என் அம்மா முன்னால் போனாள். வீட்டுக்கார அத்தை பின்னால். நான் வாசலில் செருப்பைத் தேடுகிற மாதிரி நின்றேன்.

மறுநாள் காலையில் உண்டியலைத் திறந்து எண்ண, கணக்குத் தெரிந்தவன் என்று என்னைக் கூப்பிட்டார்கள். எல்லாம் எட்டணாக் காசு. இருபத்து மூன்று ஆண்களுக்குப் பதினொன்றரை ரூபாய் இருக்க வேண்டும். இரண்டு முறை எண்ணினேன். பதினாலு ரூபாய் இருந்தது.