பெரிய வியாழன் பேசின்

அந்தப் பேசினின் விளிம்பில் ஒரு நீலக் கோடு. அடியில் எனாமல் பெயர்ந்து துரு தெரியும். பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து மாதா கோயிலில், பெரிய வியாழன் பூசையன்று பங்குச் சுவாமி பன்னிரண்டு பேரின் காலைக் கழுவுவது அதில்தான். தண்ணீர் கொண்டுபோய் வைப்பது என் வேலை. அந்தப் பன்னிரண்டு பேர் யார் என்று கேட்டால் எரிச்சல்தான் வரும். கோயில் சபைத் தலைவர், ஒருகாலத்தில் மலையில் வேலை வாங்கிய கண்டாக்கு ஐயா, தொழிற்சங்கத் தலைவர், வாத்தியார்மார், கடைக்காரர். எல்லாம் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவி, சப்பாத்து மாட்டி வந்து, கழற்றிக் காட்டுகிற கால்கள்.

சிஸ்டர் அதை மாற்றப் பார்த்தார். அவரைப் பற்றி இப்போது ஆளாளுக்கு இனிக்க இனிக்கப் பேசுகிறார்கள். நான் அப்படி எழுதப் போவதில்லை. கந்தப்பளையில் தோட்டத் தொழிலாளர் லயமொன்றில் பிறந்தவர். கன்னியர் மடத்தில் சேர்ந்து, வெளிநாட்டுக்குப் போய் வழிபாட்டைப் பற்றியே படித்துப் பட்டம் வாங்கி, குருமடத்தில் பல வருடம் பாடம் நடத்தியவர். பூசையில் எதற்காகக் கை விரிக்கிறோம், எதற்காகக் குனிகிறோம் என்று சுவாமிமாருக்கே சொல்லிக்கொடுத்தவர். அவரிடம் படித்தவர்கள் பீடத்தில் நிற்பார்கள். படிப்பித்தவர் கீழே பெண்களோடு முழந்தாளில் இருப்பார். எனக்கு அதைப் பார்க்கவே பற்றிக்கொண்டு வரும். அவருக்கு வரவில்லை, அல்லது காட்டவில்லை.

எங்கள் பக்கத்து மடத்துக்கு மாற்றலாகி வந்த வருடம், தவக்காலத்தில் சபைக் கூட்டத்துக்கு வந்தார். "ஏசு கழுவினது நடந்து புழுதியான காலை. இங்க மலையேறி நடக்கிறது யாருங்க? இந்த வருஷம் கொழுந்தெடுக்கிற பொம்பளைங்க ஒக்காரட்டும். ரோமாபுரியிலேயே பொம்பளைங்களுக்கும் அனுமதி குடுத்தாச்சு" என்றார்.

கண்டாக்கு ஐயா கதிரையைப் பின்னால் தள்ளினார். "சுவாமி பொம்பள காலைத் தொட்டா லயத்துல என்னா பேசுவாங்க சிஸ்டர்?"

"மலையில ரத்தம் குடிக்கிற அட்டை தெனமும் தொடுதுங்களே ஐயா. அதுக்கு யாரும் ஒன்னும் பேசலையே."

கூட்டத்துக்கு வந்திருந்த பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். சுவாமி இளவயதுக்காரர், சிஸ்டரிடம் படித்தவர். சரி என்றுவிட்டார்.

அந்தப் பன்னிரண்டு பெண்களில் என் அம்மாவும் ஒருவர். பெரிய வியாழனன்று மலையிலிருந்து இறங்கியதும் பீலியில் கொட்டுகிற தண்ணீரில் நின்று எல்லாரும் காலைச் செங்கல்லால் தேய்த்தார்கள். வெடிப்பில் ஏறிய மண் போகவில்லை. "இந்தக் காலை எப்புடிடி நீட்டுறது?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். தண்ணீரைச் சுடவைக்கச் சொன்னவர் சிஸ்டர்தான். வெடிப்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் எப்படி எரியும் என்று அவருக்குத் தெரியும்.

சுவாமி முதலில் அம்மாவின் முன்னால் முழந்தாளிட்டார். அம்மா வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டு எழுந்து, அவர் காலில் விழுந்துவிட்டார். அதைப் பார்த்து மற்றவர்களும் எழுந்து விழப் போனார்கள். துரைக்கும் கண்டாக்குக்கும் சுவாமிக்கும் குனிந்தே பழகிய உடம்பு. தனக்கு முன்னால் ஒருவர் குனிவதை அந்த உடம்பால் தாங்க முடியவில்லை. "நான் அப்பவே சொன்னேன்ல?" என்று பின்னாலிருந்து கண்டாக்கு ஐயா எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

சிஸ்டர் எழுந்து முன்னால் போனார். அம்மாவைத் தூக்கி உட்காரவைத்து, சுவாமிக்குப் பக்கத்தில் தானும் முழந்தாளிட்டு, அம்மாவின் கணுக்காலைப் பிடித்துப் பேசினுக்குள் வைத்தார். "அக்கா, கும்புட்டது போதும். இன்னைக்கு நீங்க ஒக்காருங்க." அம்மா அழுதபடி உட்கார்ந்திருந்தார். எல்லாப் பெண்களின் காலும் கழுவப்பட்டது.

அந்த ஒரு வருடம்தான். சுவாமி செய்கிற சடங்கில் கன்னியாஸ்திரி கை வைத்தார், வழிபாட்டு ஒழுங்கு கெட்டுப்போனது என்று சபையிலிருந்து மேலே புகார் போனது. வழிபாட்டு ஒழுங்கை அவருக்கே கற்பிக்கிறார்களாம்! சில மாதத்தில் தூரத்தில் ஒரு வயோதிபர் இல்லத்துக்கு மாற்றிவிட்டார்கள். பெட்டியோடு பஸ்ஸுக்கு நின்றவரிடம் சண்டை போட்டேன். "ஏன் சிஸ்டர் வாயத் தொறக்கல? படிச்ச படிப்பெல்லாம் எதுக்கு?"

"கீழ்ப்படியிறேன்னு வாக்கு குடுத்திருக்கேன்மா. நீ தண்ணிய மட்டும் சுடவச்சே குடு."

அந்தப் பதில் இன்றும் எனக்குச் செரிக்கவில்லை. அம்மாவைக் குனியாதே என்றவர், தான் தலைகுனிந்துகொண்டு பஸ் ஏறினார்.

போன வருடம் அங்கேயே இறந்துபோனார். கோயிலில் அவர் படத்தை மாட்டி மாலை போட்டவர் கண்டாக்கு ஐயா. "பணிவின் சிகரம்" என்று வேறு பேசினார். இந்தப் பெரிய வியாழனுக்கும் அந்தப் படத்துக்குக் கீழே அதே ஆண்களுக்குத்தான் கதிரை போட்டார்கள்.

தேய்த்துக் கழுவ வீட்டுக்குக் கொண்டுவந்த பேசினை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. பின்னேரம் கண்டாக்கு ஐயாவே எங்கள் லயத்து வாசலுக்கு வந்துவிட்டார்.

"பேசின் எங்க? பூசைக்கு நேரமாச்சு."

உள்ளே அம்மா அதில் காலை ஊறவைத்து உட்கார்ந்திருந்தார். ஐயாவைக் கண்டதும் பழக்கத்தில் கை சுவரைப் பிடித்தது, எழுந்திருக்க. பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"கொஞ்சம் இருங்கய்யா" என்றார். "தண்ணி இன்னும் ஆறல."