சர்ச் மண்டபத்தில் அப்பா பாடியது

பக்கவாதம் வந்து மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபோது அப்பாவிடம் ஒரே ஒரு சொல்தான் மிச்சமிருந்தது. பசிக்கிறதா என்று அம்மா கேட்டால், தட்டை நீட்டிக்கொண்டே “இல்ல” என்பார். தூக்கம் வருகிறதா என்றாலும் “இல்ல”. தான் சொல்ல வந்தது அதுவல்ல என்று அவருக்கே தெரியும். சொன்னவுடன் இடது கையால் தொடையில் அடித்துக்கொள்வார். வலது கை மடியில் கிடந்தபடியே கிடக்கும்.

நியாலாஸ் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லாரியை ஓட்டியவர் அவர். வாய் ஓயாமல் பேசுவார். எங்கள் கோயிலில் வெள்ளிக்கிழமை பஜனை என்றால் முதல் குரல் அவருடையதுதான்.

பேச்சுப் பயிற்சிக்கும் கைகால் பயிற்சிக்கும் மலாக்கா டவுனுக்கு வரச்சொல்லித் தேதி கொடுத்திருந்தார்கள். அவரை பஸ்ஸில் ஏற்ற முடியாது. வீட்டில் கார் இல்லை. தெரிந்தவர்களிடம் கேட்டு ஆரம்பத்தில் போய் வந்தோம். பிறகு கேட்கவே கூச்சமாகிவிட்டது. தேதிகள் ஒவ்வொன்றாகத் தவறின.

ஒரு காலையில் கிளினிக்கிலிருந்து நர்ஸ் வீட்டுக்கு வந்தார்; மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். மலாய்க்காரப் பெண், நடுவயது. அப்பாவுக்கு இரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, ஏன் பயிற்சிக்குப் போகவில்லை என்று மலாயில் கேட்டார். அம்மா அப்பாவின் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தார். நான் உள்ளதைச் சொன்னேன். மிஸ்ஸி கடிந்துகொள்ளவில்லை. இந்த வட்டாரத்தில் இன்னும் சில வீடுகளிலும் இதே நிலைமைதான் என்றார். மருத்துவமனையில் பேசிப் பார்க்கிறேன், பயிற்சியாளரையே இந்தப் பக்கம் வரவழைக்க முடியுமா என்று கேட்கிறேன் என்றார். ஆனால் அதற்குப் படி இல்லாத இடம் வேண்டும். சக்கர நாற்காலி நுழைகிற கழிவறையும் வேண்டும்.

கோயில் மண்டபத்துக்கு உயரமான படிகள். ஊர்ப் பொதுமண்டபமான பாலாய் ராயாவின் கழிவறைக் கதவு குறுகல். எங்கள் ஊர் டவுனில் சர்ச்சோடு ஒட்டிய மண்டபத்தில் மட்டும்தான் சாய்தளம் இருந்தது. மிஸ்ஸி அங்கே போய்க் கேட்டபோது, மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆன்டி எந்தக் கிழமை வேண்டும் என்று மட்டும் விசாரித்தாராம். வண்டிக்கு என்ன செய்வது என்ற பேச்சு வந்ததும், ஆன்டியே எங்கள் கோயில் தலைவருக்குப் போன் போட்டிருக்கிறார். கோயில் வேன் வார நாட்களில் சும்மாதானே நிற்கிறது என்று கேட்டிருக்கிறார். தலைவர் மறுக்கவில்லை. நானே ஓட்டுகிறேன் என்று சொல்லிவிட்டார்.

மறுத்தது அப்பாதான். அந்த ஆன்டிக்கும் அவருக்கும் பழைய சண்டை ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை எங்கள் கோயில் ஒலிபெருக்கியின் சத்தத்தில் சர்ச்சில் ஜெபம் செய்ய முடியவில்லை என்று ஆன்டி வந்து சொல்ல, அப்பா எதிர்த்துப் பேச, ஊரே கூடி வேடிக்கை பார்த்த சண்டை. அதன்பிறகு இருவரும் பேசிக்கொண்டதில்லை. எங்கே போகிறோம் என்று நான் சொன்னதும் அப்பா “இல்ல” என்றார். இந்த முறை அவர் சொல்ல வந்ததும் அதுவேதான்.

வேன் வந்து வாசலில் நின்றது. தலைவர் இறங்கி அப்பாவின் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

“அண்ணே, இது நம்ம கோயில் வண்டி. நீங்க முன்ன நின்னு வாங்குன வண்டி லா. ஏறுங்க, நான் கூடவே இருக்கேன்.”

அப்பா கொஞ்ச நேரம் வேனையே பார்த்தார். பிறகு இடது கையை நீட்டினார்.

மண்டப வாசலில் அந்த ஆன்டி நின்றிருந்தார். பழைய கதை எதையும் எடுக்கவில்லை.

“வாங்கண்ணே. கை வச்ச நாற்காலி போட்டுருக்கேன். எந்திரிக்க லேசா இருக்கும்.”

அப்பா தரையைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்தவர் சீனப் பெண். கோப்பை, சாவி, வாழைப்பழம் என்று படங்களைக் காட்டுவார். நான் தமிழில் கேட்பேன். எல்லாவற்றுக்கும் அப்பா “இல்ல” என்பார். வாரங்கள் போயின. கைகால் பயிற்சியில் வலது கை விரல்கள் மெல்ல மடங்கத் தொடங்கின, காலும் ஊன்ற வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. வீடு திரும்பும்போது அம்மா வேனின் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஒருநாள் அந்தப் பெண், உங்கள் அப்பாவுக்கு முன்பு எதில் பிரியம் என்று கேட்டார். பாட்டு என்றேன். பேச்சில் சிக்கிக்கொள்ளும் சொற்கள் சில சமயம் பாட்டில் வெளியே வரும், மனப்பாடமாகத் தெரிந்த பாட்டு ஏதாவது இருந்தால் சேர்ந்து பாடுங்கள் என்றார். நான் ஆன்டியைப் பார்த்தேன்.

“ஆன்டி, அப்பாவுக்குத் தெரிஞ்சதெல்லாம் சாமிப் பாட்டுதான்.”

“அதனால என்னம்மா? தெரிஞ்சதத்தான பாட முடியும்.”

எனக்கு அங்கே பாடக் கூச்சம். அம்மாவுக்கும் வெட்கம். அப்போது ஆன்டியே எங்கள் பஜனைப் பாட்டின் முதல் அடியைப் பாடினார். நான் திகைத்துப் போனேன். அவர் சிரித்துக்கொண்டே, “வெள்ளிக்கெழம தவறாம கேட்டது லா. எப்படி மறக்கும்?” என்றார். பிறகு இரண்டாம் அடிக்குப் போய், ஒரு சொல்லைத் தப்பாகப் பாடிவிட்டார்.

அப்பா தலையை நிமிர்த்தினார். சரியான சொல்லை அவர் பாடினார். அது முடிந்து அடுத்த அடி, அதற்கடுத்த அடி. குரல் கரகரத்தது, வாய் ஒரு பக்கம் கோணியது. ஆனால் ஒவ்வொரு சொல்லும் முழுதாக வந்தது. அம்மா கையிலிருந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். தலைவர் வேன் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுத் தாளம் போட்டார்.

பாட்டு நின்றதும் அப்பா ஆன்டியைப் பார்த்து ஏதோ சொல்ல முயன்றார். “நா… நா…” என்பதற்கு மேல் வரவில்லை.

“இருக்கட்டும்ணே. அன்னிக்கு நானும் கொஞ்சம் அதிகமாத்தான் பேசிட்டேன்,” என்றார் ஆன்டி.

அதன்பிறகு எல்லாம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. பாட்டிலிருந்து ஒவ்வொரு சொல்லாகப் பிரித்தெடுத்து, அந்தச் சீனப் பெண் அப்பாவைப் பேசவைத்தார். தண்ணீர் கேட்கப் பல மாதங்கள் ஆயின. அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட அன்று, அம்மா காது கேட்காதவர்போல் அடுப்படியிலேயே நின்று இன்னொரு முறையும் கூப்பிடவைத்தார். மிஸ்ஸிக்கு செர்காம் பக்கம் மாற்றலாகிவிட்டது. போகும் முன், புதிதாக வந்தவரை மண்டபத்துக்கே அழைத்துவந்து எங்கள் ஒவ்வொருவரிடமும் அறிமுகப்படுத்திவிட்டுத்தான் போனார். வேன் இன்றும் வருகிறது.

சென்ற மாதம் ஒரு மலாய்க்காரர் புதிதாக வந்தார். பள்ளி பஸ் ஓட்டியவராம். படத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லத் தெரியாமல் அழத் தொடங்கிவிட்டார். அவர் மனைவிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்பா தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“பெலான்-பெலான்,” என்றார்.

மெதுவாக, மெதுவாக. பக்கவாதம் வந்தபிறகு அப்பா மலாயில் பேசி நான் கேட்டது அதுதான் முதல் முறை. அந்த மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார். அவர் மனைவி பையிலிருந்து பிஸ்கட் டின்னை எடுத்துத் திறந்து, முதலில் அப்பாவிடம் நீட்டினார்.